கைக்கு இடமில்லாத திரை

மட்டாஞ்சேரியில் நான் போன் விற்ற இரண்டு வருஷத்தில் ஒருவர்கூட உயரமான திரை வேண்டும் என்று கேட்டதில்லை. பெரிய திரை என்றுதான் கேட்பார்கள். உயரமானதை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்போது இது எனக்கு உலகத்திலேயே முக்கியமான விஷயமாகப் பட்டது. பி.சி.ஏ. முடித்துவிட்டு, கண்ட கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல் பஜார் ரோட்டை ஒட்டிய அந்தக் கடையில் சேர்ந்திருந்தேன். முதலாளி ஐம்பது தாண்டியவர். தெருவே அவரை இக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். அதனால் தமிழ் பேசும் ஆள் படியேறினால் இக்கா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பார். அது என் கேஸ்.

திரை அளவில் ஒரு சூது இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் இஞ்ச் கணக்கு மூலைக்கு மூலை எடுத்த அளவு. மூலை அளவை மாற்றாமல் திரையை நீளமாக இழுத்தால் உள்ளே இருக்கும் பரப்பு குறையும். நம்பாதவர்களுக்கு நான் கிராப் தாளை வெட்டிக் காட்டுவேன். இரண்டு துண்டுக்கும் மூலை அளவு ஒன்றே. கட்டங்களை எண்ணினால் ஒல்லித் துண்டில் கம்மி. "அப்ப ஏமாத்து வேலையா?" என்பார்கள். "இல்ல, ஜியோமெட்ரி," என்பேன். இக்காவுக்கு இந்த வேடிக்கை பிடிக்காது. வந்த ஆள் யோசிக்கத் தொடங்கினால் வாங்காமல் போய்விடுவான் என்பது அவர் கட்சி.

யோசிக்கிறவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுமடு தூக்குகிற தொழிலாளி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தரையைத் தொடக் குனிவார். விழுந்தால் வேண்டாம். காலேஜ் பெண்கள் ஒரே கையில் பிடித்து, பெருவிரல் மேல் மூலைக்கு எட்டுகிறதா என்று நீட்டிப் பார்ப்பார்கள். எட்டாது. எட்டாவிட்டாலும் வாங்குவார்கள், ஏனென்றால் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற வீடியோக்கள் எல்லாம் ஒல்லியாகத்தான் வருகின்றன. மிளகு வியாபாரிகள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுத்து எவ்வளவு பெரிதாகிறது என்று மட்டும் கேட்பார்கள். இதையெல்லாம் வைத்து யாருக்கு உயரம், யாருக்கு அகலம் என்று ஆளைப் பார்த்ததும் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்திருந்தது.

அந்த நம்பிக்கையோடு இருந்த நாளில்தான் மெஸ் அக்கா வந்தாள். பக்கத்துச் சந்தில் உள்ள மெஸ்ஸில் சமையல். ஊர் தென்காசிப் பக்கம். அவள் ஊற்றுகிற தோசையை நாங்கள் பார்சலில் தின்றிருக்கிறோம், ஆளை நேரில் பார்த்தது அன்றுதான். கையில் பழைய போன் ஒன்று. குட்டையாக, கீழே வட்டப் பொத்தான் வைத்தது. திரை செத்துப்போயிருந்தது.

"இதே மாரி அகலமா ஒண்ணு குடும்மா," என்றாள்.

"இந்த ஷேப்பு இப்ப யாரும் செய்றதில்லக்கா."

"அகலம் வேணும்மா. புள்ளகிட்ட பேசணும். வீடியோவுல."

நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வீடியோவில் பேச எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அளவு நாடாவை எடுத்து அவளுடைய பழைய திரையின் அகலத்தை அளந்தேன். பிறகு அலமாரியிலிருந்து ஒரு புதுப் போனை எடுத்து அதையும் அளந்தேன்.

"பாருங்கக்கா. அகலம் ரெண்டும் ஒண்ணுதான். இதுல மேலயும் கீழயும் கூடுதல். உங்களுக்கு லாபந்தானே. இதுவரைக்கும் மொகம் மட்டும் பாத்தீங்க, இனிமே இடுப்பு வரைக்கும் பாக்கலாம்."

அவள் நாடாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அளந்து காட்டியதை எப்படி மறுப்பது. வாங்கிக்கொண்டு போனாள். நான் அவளிடம் சொன்ன அளவில் ஒரு மில்லிமீட்டர் பொய்கூட இல்லை.

அடுத்த திங்கட்கிழமை நாங்கள் கடையைத் திறக்கும்போதே படியில் நின்றாள். கையில் பெட்டி, பில், சார்ஜர், உள்ளே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட மடித்து வைத்திருந்தாள்.

"இதுல கை தெரியல," என்றாள்.

"எந்தக் கை?"

"எம்மவ கை."

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், ஒரு தகவலைச் சொல்கிற மாதிரி சொன்னாள். மகளுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. பதினாலு வயசு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதி போனைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், ஒரு பிள்ளைக்குக் கால் மணி நேரம். மகளின் முறை நாலு மணிக்கு. அந்தக் கால் மணி நேரம்தான் தாயும் மகளும் பேசுவது. பேசுவது என்றால் கையால்.

"நேத்து அவ கைய விரிக்கா, வெளிய போயிருது. உள்ள வருது, திரும்பப் போயிருது. மொழங்கையத்தான் பாத்துட்டு இருந்தேன். மொகம் அழுவுற மாரி இருந்துச்சு. அவ என்னமோ கேட்டா. ஒண்ணும் வெளங்கல. நான் பாட்டுக்குத் தலைய ஆட்டிட்டேன்."

"ஆட்டிட்டீங்களா?"

"ஒனக்கு சிக்னல் சரியில்லன்னா நீ என்ன செய்வ? ம் ம்னு சொல்ல மாட்டியா? அதான். தலைய ஆட்டுனேன். அவ சிரிச்சா. டைம் முடிஞ்சுபோச்சு." அவள் பெட்டியைக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள். "எதுக்கு ஆட்டுனேன்னு தெரியல. பள்ளிக்கூடத்த விட்டு நின்னுக்கிடட்டுமான்னு கேட்டிருந்தாலும் நான் சரின்னுதான சொல்லிருக்கேன்."

இக்கா பெட்டியைத் தொடாமல் எட்டிப் பார்த்தார். "சீல் பொட்டிச்ச சாதனம் திரிச்செடுக்கில்ல, சேச்சி," என்றார். உடைத்ததைத் திரும்ப எடுப்பதில்லை. எங்கள் கடையில் அது சுவரில் எழுதி ஒட்டியிருந்த விதி.

"நான் திருப்பித் தர வரல," என்றாள் அக்கா. "அளந்து குடுத்த பிள்ளைகிட்ட கேக்க வந்தேன். அகலம் ஒண்ணுதானே. பின்ன ஏன் அதுல தெரிஞ்சுது, இதுல தெரியல?"

நல்ல கேள்வி. பகல் முழுக்க அதே நினைப்பாக இருந்தேன். மூன்று மணிக்கு மெஸ்ஸில் சாப்பாடு முடிந்து அவளுக்கு ஓய்வு கிடைக்கும். அப்போது வரச் சொன்னேன். அவள் வந்ததும் கடைப் போனை எடுத்துக்கொண்டு எதிரே மூடிக்கிடந்த சுக்குக் குடோனின் கதவுக்கு ஓடினேன். போனைப் படியில் சாய்த்து வைத்து, அவள் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டு, அவள் சொல்லிக்கொடுத்த சைகைகளைச் செய்யத் தொடங்கினேன்.

சைகைகள் எல்லாம் அவர்கள் வீட்டிலேயே உண்டாக்கியவை. மகள் பள்ளியில் சேர்வதற்கு முன்பு, கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத காலத்தில், இரண்டு பேருமாகச் செய்துகொண்டது. தகப்பன் லாரி ஓட்டுகிறவர். அவருக்குச் சைகை, இரண்டு கையும் தோளுக்கு வெளியே போகிற அளவுக்குப் பெரிய ஸ்டியரிங். வீடு என்றால் தலைக்கு மேலிருந்து இரண்டு பக்கமும் சரிகிற ஓடு. கொச்சி என்றால் கைகளை அகல விரித்து, இங்கே கரையில் மீன் பிடிக்க நிறுத்தியிருக்கிற சீனவலை மாதிரி மேலே தூக்க வேண்டும். பள்ளியில் மகள் கற்ற சைகை மொழி நெஞ்சுக்கு முன்னால் ஒரு தட்டு அளவு இடத்தில் முடிந்துவிடுகிறதாம். அம்மாவிடம் பேசும்போது மட்டும் அவள் இந்தப் பெரிய கைகளுக்குத் திரும்புவாள். அம்மாவுக்கு வேறு தெரியாது.

நான் ஸ்டியரிங் பிடித்தேன், ஓடு வேய்ந்தேன், வலை தூக்கினேன். டீக்கடைப் பக்கம் உட்கார்ந்திருந்த சுமட்டுக்காரர்களில் ஒருவர், "எந்தா மோளே, விமானம் இறக்குகயாணோ?" என்று கேட்டார். இன்னொருவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். நான் விடவில்லை. கடைக்குள் அக்கா போனைப் பிடித்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தாள். தெரியவில்லை.

பிறகு கடையில் இருந்த காட்சிப் போன்களில் ஒவ்வொன்றாக அதையே செய்தோம். நான் தெருவைக் கடந்து போவதும் வருவதுமாக இருந்தேன். நாலாவது தடவையில் விஷயம் பிடிபட்டது. அந்தப் பக்கத்துக் கேமரா அனுப்புகிற படம் அத்தனை ஒல்லியானது இல்லை. பழைய குட்டைத் திரையில் அது அப்படியே பொருந்தியது. புதுத் திரை உயரம் என்பதால், மேலும் கீழும் காலியாக விடாமல் நிரப்ப, போன் படத்தைப் பெரிதாக்குகிறது. பெரிதான படத்தின் இரண்டு பக்கமும் திரைக்கு வெளியே போய்விடுகிறது. முகம் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அதனால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

நான் கிராப் தாளில் வரைந்து காட்டினேன். அக்கா கட்டங்களை எண்ணவில்லை. இரண்டு ஓரங்களிலும் நான் பென்சிலால் கறுப்படித்த பகுதியை விரலால் தொட்டாள்.

"இங்கதான் எம்மவ பேசுறா," என்றாள்.

படத்தைச் சுருக்க ஏதாவது வழி உண்டா என்று அமைப்புகளில் தோண்டினேன். அந்த மாடலில் எனக்குக் கிடைக்கவில்லை. போனைப் படுக்கைவசமாகத் திருப்பிப் பார்த்தோம். முழுப் படமும் வந்தது, நடுவில், தீப்பெட்டி அளவுக்கு. இரண்டு பக்கமும் கறுப்பு.

"எறும்ப பாக்க மாரி எம்புள்ளையப் பாக்கணுமாக்கும்," என்றாள். நான் அவளிடம் ஏட்டியாகிவிட்டது அந்த நேரத்தில்தான். "ஏட்டி, நீ படிச்ச பிள்ளதான? வேற வழி சொல்லு."

நான் சட்டென்று ஒரு வழி சொன்னேன். விடுதிக்கு ஒரு மெசேஜ் போடலாம், அன்றைக்கு என்ன கேட்டாய் என்று மகளையே எழுதச் சொல்லலாம், வந்ததும் நான் படித்துச் சொல்கிறேன்.

பில்லை நாலாக மடித்தாள்.

"வார்டனம்மாட்ட காலையிலயே பேசிட்டேன். நல்லாத்தான் இருக்கா, சாப்பிடுதா, ஞாயித்துக்கிழம நீங்களே கேட்டுக்கிடுங்கன்னுட்டாங்க. எழுதச் சொன்னா எழுதுவா. எனக்குப் படிக்க வராது. எம்மவ எங்கிட்ட கேட்டத நீ படிச்சு நீ எங்கிட்ட சொல்லணும். அதுக்கு நான் எதுக்கு?"

அந்த வாரம் நான் இக்காவிடம் தினமும் ஒரே விஷயத்தைச் சொன்னேன். கடை முகப்பில், யாரும் கேட்காமல், ஒரு டேப்லெட் நின்றுகொண்டிருந்தது. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. ஓரத்துக்கு வேண்டிய அகலமும் உண்டு, படம் சிறிதாகவும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அதைக் கால் மணி நேரம் அக்காவுக்குக் கொடுக்க வேண்டும்.

"அது கஸ்டமரைக் காணிக்கான் வெச்சதல்லே?"

"அவங்களும் கஸ்டமர்தானே இக்கா."

"வாங்கிக் கழிஞ்ச கஸ்டமர்," என்றார். வியாழக்கிழமை வரை இப்படியே போனது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர், நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஒரு ஞாயிறு. நீயே துடைச்சு வெக்கணும்," என்றார். அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் தவித்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் என் கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்கும் அவசரம்தான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே வந்துவிட்டாள். வேறு சேலை. தலையில் பூ. அவள் நம்பருக்கு வரும் அழைப்பை டேப்லெட்டில் எடுக்க வழி செய்தேன். போன் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் அதைப் படுக்கைவசமாகச் சாய்த்து, அவள் இரண்டு கையும் வீச இடம் இருக்கும்படி நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டேன். நாலு மணிக்கு அழைப்பு வரவில்லை. நாலு ஐந்துக்கும் இல்லை.

"முந்துன பிள்ள விட மாட்டேங்குது போல," என்றாள்.

"நாம அடிக்கலாமா?"

"வேண்டாம். அது பேசட்டும்."

நாலு பத்துக்கு வந்தது. முதலில் விடுதி ஆயாவின் நெற்றி, பிறகு ஜன்னல் கம்பி, பிறகு ஒரு பெண். அம்மாவின் ஜாடை கொஞ்சமும் இல்லை. புது இடத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். அக்கா இரண்டு கையாலும் பின்னால் தள்ளுகிற மாதிரி காட்டினாள். மகள் ஓரடி பின்னால் போனாள். இன்னும் என்றாள். மகள் பெஞ்சைக் காலால் நகர்த்திவிட்டுச் சுவர் வரை போய் நின்றாள். ஆள் முழுக்க வந்துவிட்டாள். இரண்டு முழங்கை, இரண்டு உள்ளங்கை, பத்து விரல். பக்கத்தில் இன்னொரு பெண் சடையைப் பின்னிக்கொண்டு நிற்பதும் தெரிந்தது.

கணக்கு சரி. உயரம் உதவவில்லை, பெரிய திரைதான் உதவியது. எனக்கு அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. இக்கா ஒரு ஆளுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நான் அப்பால் போய் நின்றேன், ஆனால் பார்க்காமல் இல்லை. அக்கா முதலில் கேட்டது சின்னச் சைகை. தலையை ஆட்டிக் காட்டி, பிறகு கையை விரித்து, எதுக்கு என்று. மகள் விழித்தாள். பிறகு சிரித்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். எனக்குத் தெரிந்தது ஆறேழு சைகைதான். அதில் வலை ஒரு தடவை வந்தது. வலையைத் தூக்கியவள் அதை அப்படியே ஓரமாக எடுத்து வைத்துவிட்டாள். பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணின் சடையை இழுத்துக் காட்டினாள். பிறகு பஸ்ஸோ ரயிலோ ஒன்று, வலையிலிருந்து எதிர்ப்பக்கமாக. பிறகு எனக்குத் தெரியாத பல. அக்காவின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு தடவை அவள் கைகள் மேலே வந்து, எதுவும் சொல்லாமல் மடிக்கே போயின. மூன்றாவது தடவை ஸ்டியரிங் பிடித்தாள். மகள் அதற்கும் ஏதோ பதில் வைத்திருந்தாள்.

கடைசியில் அக்கா தலையை ஆட்டினாள். மெதுவாக, ஒரே ஒரு தடவை. மகள் பக்கத்துப் பெண்ணைக் கட்டிப்பிடித்தாள். ஆயாவின் கை வந்து திரையை மூடியது.

நான் டேப்லெட்டைத் துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு போனேன்.

"படிப்ப விடுறாளாக்கா?"

"அதெல்லாம் இல்ல. லீவுக்கு இங்க வரலையாம்."

பத்து நாள் லீவுக்கு மகள் கொச்சிக்குத்தான் வருவது. மெஸ்ஸுக்குப் பின்னால் உள்ள அறையில் தங்குவாள். அதை விட்டால் பிறகு கோடை லீவுதான்.

"அந்தச் சடைக்காரி வீட்டுக்குப் போணுமாம். தூத்துக்குடிப் பக்கம். அந்தப் புள்ளைக்கும் காது கேக்காது, அவ அம்மை அப்பனுக்கும் கேக்காதாம். வீட்டுல எல்லாருமே கையிலதான் பேசுவாகளாம். பள்ளிக்கூடத்துப் பாஷை. அத ஒருக்கப் பாக்கணுமாம்." நெற்றியை முந்தானையால் துடைத்தாள். "ஒங்கப்பா விட மாட்டாருன்னு சொன்னேன். அவர்ட்ட நீ சொல்லிக்கோன்னுட்டா."

"போன வாரம் கேட்டதும் இதானா?"

"இதான். நான் தலைய ஆட்டியிருக்கேன். அவ அன்னைக்கே கூட்டுக்காரிகிட்ட சொல்லி, அந்த வீட்டுலயும் சரின்னாச்சு."

"தெரியாம ஆட்டிட்டேன்னு சொல்ல வேண்டியதுதானேக்கா. உண்மைதானே."

"சொல்லலாம்னுதான் கைய எடுத்தேன்." செருப்பைப் போட்டுக்கொண்டாள். "அவ மொகமும் தெரியுதே இதுல."

நான் போனைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மாற்றித் தர முடியாது, ஆனால் அடுத்த வாரமும் இக்காவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். இக்கா தலையைத் தூக்காமலே, "ஒரு ஞாயிறுன்னு பறஞ்சதல்லே," என்றார்.

"நாளைக்கு ரெண்டு பேருக்கும் தோச குடுத்துவிடுறேன்," என்றாள் அக்கா, அவரைப் பார்த்து. பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தாமல், "லீவுக்கு இன்னும் ரெண்டு ஞாயிறு இருக்குட்டி. அதுக்குள்ள அந்தச் சடைக்காரிகூட ஒரு சண்ட வராமலா போயிரும்?" என்று சொல்லிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாவு கரைக்கப் போனாள்.